தேமாவும் மெய்ப்பாடும் பிறந்த கதை

ஓலைச்சுவடியில் பாட்டுக்கு அடி கிடையாது. இடது ஓரத்தில் தொடங்கும் எழுத்து வலது ஓரம் முட்டும்வரை ஓடும். அடுத்த வரியில் விட்ட இடத்திலிருந்து தொடரும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதைப் படிப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். இன்று அச்சுப் புத்தகத்தில் நாலு வரியாக மடித்து வைத்திருக்கும் வெண்பா, ஓலையில் கடிதம் போலத்தான் கிடந்தது. ஆனாலும் தமிழ் கற்ற ஒருவர் அதை வாய்விட்டுப் படித்ததும் அடி அடியாகப் பிரிந்து நின்றது. நிறுத்த வேண்டிய இடத்தைக் காது சொன்னது.

அந்தக் காதுக்குத் தெரிந்ததை எண்ணிக் காட்டும் கலைக்கு அலகிடுதல் என்று பெயர். தேமா, புளிமா என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒருமுறையாவது உருப்போட்டதுதான். அது எப்படிப் பிறந்தது, பிறந்தபோது அதனுடன் ஒட்டிப் பிறந்த இன்னொன்று எப்படிப் பிரிந்து போனது என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவோம். நம் கைக்குக் கிடைத்த நூல்களில் அதுதான் முதல். பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் எட்டாவது செய்யுளியல். ஒரு செய்யுளுக்கு என்னென்ன உறுப்புகள் என்று அங்கே ஒரு பட்டியல் வருகிறது. மொத்தம் 34. முதலில் 26, பிறகு நூல் முழுவதற்கும் பொதுவான வனப்பு 8.

பட்டியலின் முதல் உறுப்பு மாத்திரை. அதற்கு அளவுகோல் என்ன? கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று எழுத்ததிகாரத்திலேயே சொல்லியாகிவிட்டது. மணற்கடிகையும் நீர்க்கடிகையும் வேண்டாம். மனித உடம்பே அளவுகோல். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை சேர்ந்து எழுத்து, எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி என்று படிப்படியாகக் கட்டடம் எழுகிறது.

அதே பட்டியலில் கீழே போய்க்கொண்டே இருந்தால் அளவோடு சம்பந்தமே இல்லாத உறுப்புகள் வரத் தொடங்கும். திணை வருகிறது. கூற்று, அதாவது பேசுபவர் யார் என்பது. கேட்போர். களன். காலம். பயன். பிறகு மெய்ப்பாடு: பாட்டில் ததும்பும் உணர்ச்சி, உடம்பில் தெரியும்படி வெளிப்படுவது. இவை எல்லாமே செய்யுளின் உறுப்புகள். அசை எப்படி ஓர் உறுப்போ அப்படியே அழுகையும் உறுப்பு. சீர் இல்லாமல் செய்யுள் இல்லை என்றால், கேட்பவர் யார் என்று தெரியாமலும் செய்யுள் இல்லை. வடிவத்தையும் ஓசையையும் உணர்ச்சியையும் ஒரே மூச்சில் எண்ணிய இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

மெய்ப்பாட்டுக்கென்றே தனி இயலும் உண்டு, ஆறாவது இயல். அங்கே சொல்லப்படும் கணக்கு கூத்துக் களத்திலிருந்து வந்தது. ஆடுகளத்தில் தோன்றிய 32 பொருள்கள் 16 ஆகி, 16 எட்டாக அடங்கின என்கிறார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எதில் பிறக்கும் என்பதற்கு நான்கு நான்கு காரணங்கள். சிரிப்பு பிறப்பது எள்ளலில், இளமையில், பேதைமையில், மடனில். இளிவரல் பிறப்பது மூப்பில், பிணியில், வருத்தத்தில், மென்மையில். பெருமிதத்துக்கு முதற்காரணமாகக் கல்வியை வைத்திருக்கிறார். வீரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஓசையும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடங்களையும் அவர் குறித்து வைத்தார். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என்று ஓசை உண்டல்லவா? 'நீ வழிபடும் தெய்வம் உன்னைக் காக்க, நீ வாழ்க' என்று ஒருவரை வாழ்த்தும் புறநிலை வாழ்த்து கலியிலும் வஞ்சியிலும் வரக்கூடாது என்று விதித்திருக்கிறார். துள்ளிக் குதிக்கும் ஓசையில் நிதானமான வாழ்த்து அமராது. அகப்பொருளை நாடகப் பாங்கோடு பாடக் கலியும் பரிபாட்டும் உரியவை என்றும் சொல்கிறார். வண்ணம் என்ற உறுப்பில் 20 வகை: வல்லெழுத்து மிகுந்தால் ஒன்று, மெல்லெழுத்து மிகுந்தால் ஒன்று, குறில் அடுக்கினால் ஒன்று, நெடில் நீண்டால் ஒன்று. எழுத்தின் உரசல் மனத்தில் என்ன செய்கிறது என்பதை 20 பெட்டிகளில் பிரித்து வைத்த முயற்சி அது.

சங்க நூல்களைத் தொகுத்தவர்களும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். 4 முதல் 8 அடி உள்ளவை குறுந்தொகை, 9 முதல் 12 நற்றிணை, 13 முதல் 31 அகநானூறு. அடியை எண்ணத் தெரிந்ததால்தான் அந்தப் பிரிவினையே நடந்தது.

பிறகு காலம் மாறியது. பாட்டைப் படித்து அனுபவிப்பவர்களோடு, பாட்டுக் கட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களும் பெருகினார்கள். அவர்களுக்கு 34 உறுப்பு பெரும் பாரம். காக்கைபாடினியார், அவிநயனார் என்று யாப்பு நூல் செய்த ஆசிரியர்கள் தோன்றினார்கள். அவர்களுடைய நூல்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. உரைகளில் மேற்கோளாகச் சிதறிக் கிடக்கின்றன. அந்த வழியில் வந்து, இன்றுவரை நம் கையில் நிற்கும் நூலைத் தந்தவர் அமிதசாகரர் என்னும் சமண முனிவர். பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவர். முதலில் யாப்பருங்கலம் செய்தார். பிறகு அதைச் சுருக்கி, எளிதாக்கி, யாப்பருங்கலக் காரிகை செய்தார்.

அந்தக் காரிகைக்குக் கிடைத்த மரியாதையை மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் நீடூர்ச் சிவன் கோயிலில் பார்க்கலாம். முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாட்டாகவே வெட்டப்பட்டிருக்கிறது. அமிதசாகரரைச் சயங்கொண்ட சோழ மண்டலத்தில் கொண்டுவந்து இருத்திக் காரிகையை இயற்றச் செய்த தலைவனை அது நினைவுகூர்கிறது. காரிகைக் குளத்தூர் என்று ஓர் ஊருக்கே பெயர் விழுந்தது. யாப்பிலக்கணப் புத்தகத்தின் பெயரை ஊருக்கு வைத்த நாடு இது.

காரிகையின் அமைப்பே மாணவனை மனத்தில் வைத்துச் செய்தது. எல்லாச் சூத்திரமும் கட்டளைக் கலித்துறை. ஓர் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. மனப்பாடம் செய்யும்போது ஓர் எழுத்து நழுவினாலும் எண்ணிப் பார்த்துப் பிடித்துவிடலாம். ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி அவளிடம் சொல்வதுபோல மகடூஉ முன்னிலையில் பாடம் நடக்கிறது. எடுத்துக்காட்டுப் பாடல்களின் முதற்சொற்களை மட்டும் கோத்து 'முதல் நினைப்பு'க் காரிகைகளும் உண்டு. அதைச் சொன்னால் எடுத்துக்காட்டுகள் வரிசையாக நினைவுக்கு வந்துவிடும்.

இந்த வழியில்தான் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் நிலைபெற்றன. இவற்றின் அருமையை எத்தனை முறை சொன்னாலும் தகும். நேர் நேர் என்னும் சீருக்குத் தேமா என்று பெயர். தே, மா என்று அந்தப் பெயரைப் பிரித்தால் அதுவே நேர் நேர். புளி நிரை, மா நேர். பெயரே பொருளுக்குச் சான்று. மூன்றாவது அசை நேராக வந்தால் மரம் காய்க்கும்: தேமாங்காய். நிரையாக வந்தால் பழுக்கும்: தேமாங்கனி. நான்காவது அசையும் சேர்ந்தால் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல். ஓரசைச் சீர் 2, ஈரசை 4, மூவசை 8, நாலசை 16. ஆக 30 சீர், ஒரு தோப்பாக மனத்தில் வளர்ந்துவிடும்.

இதில் ஒரு பழைய நினைவும் மறைந்து கிடக்கிறது. தொல்காப்பியருக்கு அசை நான்கு: நேர், நிரை, நேர்பு, நிரைபு. சொல்லின் கடைசியில் ஒலிக்கும் குற்றியலுகரம் அரை மாத்திரைதான். அதை முழு நேரசையாக எண்ண மனமில்லாமல், முன் அசையோடு ஒட்டி நேர்பு, நிரைபு என்றார். பிற்கால ஆசிரியர்கள் அந்த இரண்டையும் கைவிட்டு நேர், நிரை போதும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் வெண்பாவின் கடைசிச் சீரில் அவர்களால் அதைச் செய்ய முடியவில்லை. நாள், மலர், காசு, பிறப்பு என்று உருப்போடுகிறோமே, அதில் காசு என்பது நேர்பு, பிறப்பு என்பது நிரைபு. ஒவ்வொரு குறளின் முடிவிலும் தொல்காப்பியரின் காதுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

காரிகை வைத்துக்கொண்ட உறுப்புகள் ஆறு: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. தளை, அதாவது சீரோடு சீர் இணையும் முறை, தொல்காப்பியரின் 34இல் தனி உறுப்பாக இல்லை. புதிதாக வந்து சேர்ந்தது. கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு எல்லாம் வெளியே போயின. பாட்டுக் கட்டக் கற்றுக்கொடுக்கும் கைந்நூலுக்கு அந்தச் சுருக்கம் நியாயமானதே. அமிதசாகரரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் உணர்ச்சிக்கு வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. அது போய்ச் சேர்ந்த இடம் அணியிலக்கணம். தண்டியலங்காரத்தில் 35 பொருளணிகளுள் ஒன்றாகச் சுவையணி உட்கார்ந்திருக்கிறது. உறுப்பாக இருந்தது நகையாகிவிட்டது. உறுப்பை வெட்டினால் உயிர் போகும். நகையைக் கழற்றி வைக்கலாம். இந்த இறக்கம் எனக்கு இன்றைக்கும் உறுத்தலாகவே இருக்கிறது.

தளையை மட்டும் பார்த்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? பாட்டை விட்டு வீட்டுப் பேச்சில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்: 'பாட்டி மருந்து குடித்துவிட்டுத் தூங்கட்டும்.' பாட்/டி தேமா. மருந்/து புளிமா. குடித்/துவிட்/டுத் கருவிளங்காய். தூங்/கட்/டும் தேமாங்காய். மா முன் நிரை வந்திருக்கிறது, மறுபடி மா முன் நிரை, பிறகு காய் முன் நேர். மூன்று இணைப்பும் வெண்பாவுக்குரிய வெண்டளை; ஓர் இடத்திலும் பிசகவில்லை. நாம் பேசும் தமிழில் செப்பலோசை எவ்வளவு இயல்பாகப் படிந்திருக்கிறது என்பது இதில் தெரிகிறது. ஒருவர் மற்றவருக்குச் செப்புவதுபோல் வருவது வெண்பாவின் ஓசை என்று உரைகாரர்கள் சொன்னது சும்மா இல்லை.

ஆனால் இந்த வாக்கியத்தின் உணர்ச்சி என்ன? அலகு இதற்கு விடை தராது. இரவில் விளக்கைத் தணித்துக்கொண்டே, சத்தம் போடும் பேரப்பிள்ளைகளிடம் மகள் மெல்லச் சொன்னால் ஒரு பொருள். பகலில், பாட்டியின் நிலத்தைப் பற்றிப் பேச உறவினர் கூடியிருக்கும் கூடத்தில், பாட்டியின் காதுபட, அவளைப் பார்க்காமல் மற்றவர்களிடம் மகன் சொன்னால்? மூப்பும் பிணியும் ஒன்றாக நின்று இளிவரல் பிறக்கிறது. அசை மாறவில்லை, சீர் மாறவில்லை, தளை மாறவில்லை. கூற்றும் கேட்போரும் களனும் காலமும் மாறின. வெளியே போன உறுப்புகள் எவ்வளவு வேலை செய்கின்றன, பாருங்கள்.

இந்த உறுப்புகளை மறக்காமல் பிடித்து வைத்தவர் பேராசிரியர் என்னும் பெயர்கொண்ட பழைய உரையாசிரியர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய நான்குக்கும் அவர் எழுதிய உரை கிடைத்திருக்கிறது. 34 உறுப்புகளில் நோக்கு என்று ஒன்று உண்டு. மாத்திரை முதல் அடி வரை எல்லாவற்றிலும், கேட்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஆற்றல் அது. எதுவும் வெறுமனே இடத்தை அடைக்க வரவில்லை என்று உணர வைப்பது. இதை விளக்கப் பேராசிரியர் ஒரு முழுப்பாட்டையே எடுத்துக்கொள்கிறார்: அகநானூற்றில் 4ஆம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. ஒவ்வொரு சொல்லிலும் நின்று, இது ஏன் இங்கே வந்தது, இது இல்லாவிட்டால் என்ன குறையும் என்று கேட்டுக்கொண்டே போகிறார். ஒரு தமிழ்ப்பாட்டை நிறுத்தி நிதானமாக ஆராய்ந்த பழைய உரைகளில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் படித்ததில்லை.

அந்தப் பாட்டை நாமும் 34 உறுப்பின் கண்ணால் பார்க்கலாம். திணை முல்லை. கூற்று தோழி. கேட்பவள் தலைவி. காலம் கார். முல்லை அரும்பு கூர்மையாகத் தலைகாட்டுகிறது, கொன்றை கட்டவிழ்கிறது, முறுக்கிய இரும்பு போன்ற கொம்புள்ள மான்கள் தாவுகின்றன, மழை சிதறுகிறது. திரும்பி வருவேன் என்று தலைவன் சொன்ன பருவம் வந்துவிட்டது. அவன் தேரும் வருகிறது. குதிரையின் கடிவாள வார் யாழ் நரம்பு போல் அதிர்கிறது. ஆனால் தேர்மணி ஒலிக்கவில்லை. பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் மிரண்டு பிரிந்துவிடுமே என்று அஞ்சி, மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் அவன்.

ஆசைப்பட்டு விரைந்து வருபவன், வழியில் இறங்கி ஒவ்வொரு மணியாக நாவைக் கட்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தை அவன் செலவழித்தான். பிரிவின் வலி தெரிந்தவன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவன் தன் அன்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவது முழுவதும் தோழி. மணி ஒலிக்காததால் தலைவிக்குத் தேர் வருவது காதால் தெரியாது. அதனால்தான் 'அதோ பார்' என்று தோழி சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. கூற்று தோழியினுடையதாக இருப்பதற்கான காரணம் மணியின் நாவில் கட்டப்பட்டிருக்கிறது. அழுகையின் விளிம்பில் இருந்தவளை உவகையின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது பாட்டு.

இனி வடிவம். இது நேரிசை ஆசிரியப்பா, 17 அடி. நேரிசை ஆசிரியத்தில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்றே சீரில் வரும். மற்ற அடிகள் நான்கு சீர். அது விதி; எல்லாப் புலவருக்கும் பொது. அந்த மூன்று சீரில் எதை வைப்பது என்பது புலவன் கையில். மருதனார் பதினாறாம் அடியில் மலர்ந்த காந்தளின் மணத்தை வைத்தார். 15 அடி மழையும் மானும் தேரும் குதிரையுமாக ஓடிவந்த பாட்டு அங்கே ஒரு சீர் குறைந்து மூச்சுவிடுகிறது. பதினேழாம் அடி மறுபடி நான்கு சீராகித் தலைவியின் அழகைத் தொட்டு ஏகாரத்தில் முடிகிறது. அவன் நினைத்து வருவது அந்த அழகைத்தான். அடியின் அளவும் மனத்தின் அசைவும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சீரை எண்ணாதவருக்கு இந்தச் சந்திப்பு கண்ணில் படாது. எண்ணியதோடு நிறுத்திக்கொண்டவருக்கும் படாது.

பேராசிரியரின் இந்த உரை அச்சுக்கு வந்ததே தனிக் கதை. 1885இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பொருளதிகாரத்தை முதன்முதலாகப் பதிப்பித்தபோது, உரை முழுவதும் இன்னொரு பழைய உரையாசிரியரான நச்சினார்க்கினியர் பெயரில் வந்தது. கடைசி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்று ரா. இராகவையங்கார் பிற்பாடு செந்தமிழ் இதழில் எடுத்துக்காட்டினார். ஓலைக்காலத்தில் பெயர் தொலைந்திருந்த ஒருவருக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது.

அதே காலத்தில் ஓலைகளோடு போராடிய இன்னொருவர் உ.வே. சாமிநாதையர். 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே, செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடம் கேட்டிருந்தார். காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு பழமொழி உண்டு. ஆனால் சிதைந்த ஏட்டில் இங்கே ஒரு சீர் விழுந்திருக்கிறது, இங்கே எதுகை பொய்க்கிறது, ஆகவே பாடம் பிழை என்று கண்டுபிடிக்கப் பதிப்பாசிரியர்களுக்குக் கைகொடுத்த கருவிகளில் காரிகையும் ஒன்று. 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று வரிசையாக வந்த அவருடைய பதிப்புகளை எடுக்கும்போது, அந்தப் பழைய காரிகைப் பாடத்தையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இன்றைய பள்ளித் தேர்வில் பிரிவினை முழுமையாகிவிட்டது. ஒரு குறளைக் கொடுத்து அலகிட்டு வாய்பாடு தருக என்பது ஒரு வினா: சீர், அசை, வாய்பாடு என்று அட்டவணை போட்டால் மதிப்பெண். இலக்கிய நயம் பாராட்டுக என்பது வேறொரு வினா, வேறொரு பாட்டு: அங்கே மோனை, எதுகை, சந்தம், சுவை என்று தலைப்பிட்டு எழுதினால் மதிப்பெண். அலகிட்ட பாட்டுக்கு நயம் கேட்பதில்லை. நயம் பாராட்டிய பாட்டை அலகிடச் சொல்வதில்லை. தளையைப் பிழையில்லாமல் கண்டுபிடிக்கும் பிள்ளை, அந்தக் குறள் தன்னை என்ன செய்தது என்று யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தரப்படாமல் அடுத்த வினாவுக்குப் போகிறது. யாப்பு என்றாலே கசக்கிறது என்று பிள்ளைகள் சொல்வதில் வியப்பென்ன?

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறக் காத்திருக்க வேண்டாம். அலகிடும் அட்டவணைக்குக் கீழே இன்னும் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு. பிறகு ஓசையையும் அந்த ஐந்தையும் எந்தச் சீர் இணைக்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். வகுப்புக்கு வெளியே இருக்கும் வாசகர்கள் அகநானூற்றின் 4ஆம் பாட்டையும் செய்யுளியலுக்குப் பேராசிரியர் எழுதிய உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாலைப்பொழுது படித்துப் பாருங்கள். இரண்டும் அச்சில் இருக்கின்றன. நல்ல நூலகம் எதிலும் கிடைக்கும்.